வெஞ்சனத்துக்கு ஒரு வெஞ்சனம்

பிடி கொடுக்காமல் பேசுகிற மனுஷனைத் திட்ட நமக்கு வெண்டைக்காய் வேண்டியிருக்கிறது. வெறும் வெண்டைக்காயும் போதாது, அதை விளக்கெண்ணெயில் வேறு வதக்க வேண்டும். கூட்டணி உண்டா என்று கேட்டால் கொள்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசும் தலைவர், சொஜ்ஜி பஜ்ஜியெல்லாம் தின்று முடித்து 'ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்' என்று வேனில் ஏறும் மாப்பிள்ளை வீட்டார், 'காஜா எடுக்கிறது மட்டுந்தான் பாக்கி' என்று ஒரு மாதமாகச் சொல்லும் டெய்லர், எல்லாரும் இந்த ரகம். இப்படி ஒரு காயின் மானத்தை வாங்கிவிட்டு, அதே வாயால் பிள்ளைகளிடம் 'தின்னு, கணக்கு நல்லா வரும்' என்று ஊட்டுவோம். எங்கள் சொந்தத்தில் வெண்டைக்காய் அதிகம் தின்றவன் என் மைத்துனன். சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் வரிசையிலும் அவன்தான் முதல் ஆள்.

நான் ராஜபாளையம். மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் சம்பந்தம் பண்ணிப் பார்த்தால்தான் தூரம் தெரியும். தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் ஊர்க் கோபுரம் என்று மாமியார் வீட்டில் கல்யாணத்தன்று ஆரம்பித்தார்கள், இன்னும் நிறுத்தவில்லை. எங்கள் ஊர் நாய்க்கு 2005-ல் தபால்தலையே போட்டார்கள் என்று நானும் பதிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2019-ல் அவர்கள் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வந்தது. அதிலிருந்து நான் கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்கிறேன். வெண்டைக்காயைப் பொறுத்தவரை இரண்டு ஊருக்கும் பெருமை எதுவும் கிடையாது. அதனால்தான் எங்கள் வீட்டில் இரண்டு ஊர்க்காரர்களும் சண்டை போடாமல் செய்யக்கூடிய ஒரே பண்டமாக அது இருந்தது, மகள் வரும் வரைக்கும்.

மகள் டாலஸில் இருக்கிறாள். அமெரிக்காவின் அந்தத் தெற்குப் பகுதியில் வெண்டைக்காயைச் சோள மாவில் புரட்டிப் பொரித்து, கூடையில் குவித்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வெள்ளையாக 'டிப்' வைப்பார்களாம். லீவுக்கு வந்தவள், அதே மாதிரி மொறுமொறு வெண்டைக்காய் நம் வீட்டில் செய்ய வேண்டும், டிப்போடு வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய்ச் சட்டி என் இலாகா. சரி என்று தலையாட்டினேன்.

பேத்தியைப் பார்க்க வந்திருந்த அத்தைதான் முதல் ஆட்சேபணையை எழுப்பினார். அத்தை என்னிடம் நேராகப் பேசுவதில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை அது. எனக்குக் கேட்கும்படி வேறு யாரிடமாவது பேசுவார்.

"ஏத்தா, வெண்டைக்காயே சோத்துக்கு வெஞ்சனம். வெஞ்சனத்துக்கு ஒரு வெஞ்சனமா? உங்கப்பாட்ட கேளு, அப்ப சோறு எங்க?"

"சோறு இல்ல அம்மாச்சி. இத மட்டும் சாப்பிடணும்."

அத்தை என்னைப் பார்த்தார். சோறில்லாத வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்கிற பார்வை.

உழவர் சந்தைக்குப் போனோம். வெண்டை விதைத்து 45 நாளில் காய்க்குக் கை வைக்கலாம். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். இரண்டு நாள் அசந்துவிட்டால் நார் பாய்ந்து, கயிறு திரிக்க ஆகும். இளசா முற்றலா என்று பார்க்க ஒரே வழி நுனியை ஒடிப்பது. 'டக்'கென்று ஒடிந்தால் இளசு. மடங்கி, தொங்கி, யோசித்தால் முற்றல். இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் வெண்டைக்காய் வாங்குகிறவர் தமிழரே இல்லை. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற வியாபாரியும் கிடையாது. "ஒடிச்ச காய ஒங்க கூடையில போடுங்க சார், அடுத்தவுக தலையில கட்டாதீக" என்றார் அந்த அம்மா. என் மனைவி ஒடிப்பது வெளியே தெரியாது. காயைச் சும்மா தடவிப் பார்க்கிற மாதிரி இருக்கும், கட்டைவிரல் மட்டும் வேலை பார்த்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கை.

வீட்டுக்கு வந்தால் திண்ணையில் சித்தப்பா. ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதற்கப்புறம் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேராவது பஞ்சைத் தொட்டுத்தான் பிழைத்திருக்கிறார்கள். எந்தப் பேச்சை எடுத்தாலும் சித்தப்பா அதைப் பஞ்சில் கொண்டுபோய் முடிப்பார். வெண்டைக்காயில் அவருக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

"இது யாருன்னு நெனச்ச? பருத்திக்குத் தம்பி முறை."

சொன்னது சரிதான். பருத்தி, வெண்டை, செம்பருத்தி, பூவரசு, துத்தி, புளிச்சகீரை எல்லாமே மால்வேசி என்கிற ஒரே குடும்பம். நம் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தியின் பூவையும் வெண்டைப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதே மஞ்சள், நடுவில் அதே கருஞ்சிவப்புக் கண். செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்க்கும்போது கையில் வழுக்குகிறதே, அதே சமாசாரம்தான் வெண்டைக்காய்க்குள்ளும் இருக்கிறது. காய்ப்புழுவுக்கும் இரண்டு வீடும் ஒன்றுதான். அதனால் பருத்திக் காட்டில் ஊடே வெண்டையை ஊன்றுவது உண்டு. புழு அதில் விழட்டும், பருத்தி பிழைக்கட்டும் என்று. வசதியான அண்ணனுக்காக அடி வாங்கும் தம்பி எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கத்தானே செய்கிறார்.

"ஆனா ஒரே ஒரு வித்தியாசம்" என்றார் சித்தப்பா. "நூல் அறாம ஓடணும்னா டிபார்ட்மெண்டுல ஈரப்பதம் அம்பத்தஞ்சு அறுபது நிக்கணும். காத்து வறண்டா பட்டுபட்டுன்னு அறுந்துரும். அதுக்குன்னே தண்ணிய புகையாட்டம் அடிப்போம். இவனுக்கு நேர்மாறு. ஈரம் பட்டா கெட்டான்."

அன்றைக்கு அந்தத் திண்ணையில் சொல்லப்பட்டதுதான் மொறுமொறு வெண்டைக்காயின் முழு சாஸ்திரமும். மற்றதெல்லாம் விளக்கவுரை.

வெண்டைக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். மிச்சப் பத்தில் ஒரு பகுதி அந்தக் கொழகொழப்பு. அது ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. சும்மா இருந்தால் சும்மா இருக்கும். வெட்டுப்பட்டு, தண்ணீரையும் கண்டால் ஊதிப் பெருகி நூல் விட ஆரம்பிக்கும். ஆகவே வெட்டிய பிறகு கழுவுவது என்ற பேச்சே கிடையாது. முழுக் காயாகக் கழுவி, சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, அப்புறம்தான் கத்தி. துடைப்பதற்கு எங்கள் வீட்டில் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர்தான், ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிக்குப் பேர் போனது. உறிஞ்சுவதற்கென்றே பிறந்த துணி. அரைக்கிலோ வெண்டைக்காயை அதில் சுற்றி மேஜையில் கிடத்தியிருந்தபோது வார்டில் படுத்திருக்கிற மாதிரியே இருந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

வட்டமாக நறுக்கக் கூடாது, நீளவாக்கில் நாலாகக் கீற வேண்டும் என்றாள் மகள். இதில் நான் அவள் கட்சி. வட்டத்தில் விதை நடுவில் மாட்டிக்கொள்ளும், அதற்குள் இருக்கும் ஈரம் வெளியே வராது. கீற்று மெல்லிசாக இருப்பதால் எண்ணெய் இரண்டு பக்கமும் பிடிக்கும். வடக்கே 'குர்குரி பிண்டி' என்று போடுவதும் இந்தக் கீற்றுதான். அரைக்கிலோவுக்கு மூன்று கரண்டி அரிசி மாவு, இரண்டு கரண்டி கடலை மாவு, வற்றல் பொடி, மஞ்சள், கொஞ்சம் பெருங்காயம். அரிசி மாவு மொறுமொறுப்புக்கு, கடலை மாவு ருசிக்கு. தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். மாவு ஒட்ட வேண்டுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஊரே திட்டிய அந்தக் கொழகொழப்புதான் இந்த இடத்தில் பசை. மாவைத் தூவி இரண்டு நிமிஷம் புரட்டினால் காயே மாவை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கோந்து போட்டு ஒட்டினாலும் அப்படி ஒட்டாது. உப்பை மட்டும் சட்டியில் போடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் போட வேண்டும். முந்திக்கொண்டால் காயில் இருக்கிற தண்ணீரையெல்லாம் வெளியே இழுத்து, மாவைக் கூழாக்கிவிடும்.

எண்ணெய் என்றால் எங்கள் பக்கம் கடலெண்ணெய். மகள் அமெரிக்காவிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்திருந்தாள். 175 டிகிரிக்கும் 180 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டுமாம். அவள் அதைச் சட்டியில் முக்கிக்கொண்டு எண்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை ஒரு மாவுப் பொட்டைக் கிள்ளிப் போட்டார். அது அடிக்குப் போகாமல், கருகாமல், சிரித்துக்கொண்டே மேலே வந்தது.

"போடச் சொல்லுத்தா உங்கப்பாவ."

தெர்மாமீட்டர் 178 காட்டியது.

முதல் கைப்பிடி உள்ளே விழுந்ததும் சட்டி போடும் சத்தம், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி. அந்த நுரையும் குமிழியும் எண்ணெயுடையது அல்ல, காயிலிருந்து ஆவியாக ஓடுகிற தண்ணீர். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் எண்ணெய் சூடு இறங்கிப்போகும். தண்ணீர் ஓடாது, காய் எண்ணெய் குடிக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. கண்ணால் நிறம் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது உத்தமம். இரைச்சல் சலசலப்பாகி, சலசலப்பு முணுமுணுப்பாகி, கரண்டியால் தொட்டால் சரக் சரக்கென்று சருகு மாதிரிச் சொல்லும். எடுத்துவிட வேண்டியதுதான். கடைசியாகக் கறிவேப்பிலையும் ஒரு கை நிலக்கடலையும் அதே எண்ணெயில் பொரித்து மேலே தூவினோம். நிலக்கடலை யோசனை எதிர்வீட்டு ராஜு வீட்டம்மாவுடையது. விஜயநகரக் காலத்தில் ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். ஆந்திரக் கல்யாணப் பந்தியில் வெண்டைக்காய் வேப்புடுவில் நிலக்கடலையும் முந்திரியும் இல்லாவிட்டால் சம்பந்திகள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்றார்.

பொரித்ததை எதில் வடிப்பது என்பதில் ஒரு சிறு அரசியல் நடந்தது. வழக்கம்போல மனைவி பழைய செய்தித்தாளை விரித்தாள். அச்சு மை உணவில் ஏறும், செய்தித்தாளில் வைக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் சொன்னது, 2023-லும் சொன்னது. என் எதிர்ப்பு அதற்காக மட்டும் அல்ல. பேப்பரில் கொட்டினால் அடியில் ஆவி தங்கி, கீழே இருக்கிற கீற்றெல்லாம் நனைந்துபோகும். அதோடு விரித்த பக்கம் முழுக்கத் தலைவர்களின் பேட்டி. ஏற்கெனவே விட்டுத்தொலைத்த வழவழப்பை அந்தக் காய் மறுபடி அங்கிருந்து பிடித்துக்கொள்ளுமோ என்று பயந்தேன். அரிதட்டில் பரப்பினோம். காற்று கீழேயும் போயிற்று.

அரைக்கிலோ காய், பொரித்து முடித்தபோது ஒரு கிண்ணம். அத்தை கிண்ணத்தைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். தொண்ணூறு பங்கு தண்ணீர், ஆவியாகப் போய்விட்டது என்று விளக்கினேன். "தண்ணி போனது தெரியுது. காய் போனது எங்கன்னு கேளுத்தா" என்றார். பால்கோவா ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. பாலை விறகடுப்பில் ஏற்றி, கிண்டிக் கிண்டித் தண்ணீரை விரட்டி, அண்டாவைக் கொஞ்சமாக வற்ற வைப்பதுதானே அவர்கள் தொழிலே. அங்கே மணிக்கணக்கில் பொறுமையாக நடப்பது இங்கே எண்ணெயில் சில நிமிஷத்தில் நடக்கிறது.

ஆனால் பால்கோவா பஸ் ஏறும். வெண்டைக்காய் ஏறாது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி வரைக்கும் போகிறது. சித்திரையில் அழகருக்காக மதுரைக்குப் போகிறது. அதே ஊரில் பொரித்த வெண்டைக்காயை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். சூடாக மூடியதால் ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகி, திரும்பக் காய் மேலேயே சொட்டி, பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் இறங்கும்போது வெண்டைக்காய் வதக்கலாக இறங்கும். என் மைத்துனன் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் கொண்டுவருகிறான்.

இனி டிப். அமெரிக்காவில் இதற்குத் தொட்டுக்கொள்வது 'ராஞ்ச்' என்று மகள் சொன்னாள். அதற்கு ஒரு கதையும் உண்டு. ஸ்டீவ் ஹென்சன் என்று ஒருவர், அலாஸ்காவில் குழாய் வேலைக் காண்ட்ராக்டர். அங்கே வேலையாட்களுக்குச் சமைத்துப் போட்டபோது இதைக் கண்டுபிடித்தார். பிறகு 1954-ல் கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா பக்கம் ஒரு பண்ணை வாங்கி, அதற்கு 'ஹிடன் வேலி' என்று பெயர் வைத்து, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் பரிமாறினார். விருந்தாளிகள் வீட்டுக்கும் கேட்டார்கள், வியாபாரம் ஆயிற்று. உள்ளே என்ன என்று அத்தை கேட்டார். மோர், பூண்டு, வெங்காயம், மிளகு, பச்சிலை, கூட மயோனைஸ்.

"மோருல வெள்ளப்பூண்டத் தட்டிப் போட அம்புட்டு தூரம் போனாராக்கும்?"

மயோனைஸை விட்டுவிட்டு நாங்கள் செய்தது இது: கட்டித் தயிரை, மிச்சமிருந்த சத்திரப்பட்டித் துணியில் முடிந்து, குழாயில் தொங்கவிட்டோம். தண்ணீரெல்லாம் சொட்டி வெண்ணெய் பதத்துக்கு வந்ததும் பூண்டு, பச்சை மிளகாய், புதினா, மல்லித்தழை, மிளகு, கொஞ்சம் உப்பு. இந்தத் தொங்கவிடுகிற வேலையைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடக் கூடாது. நீர்த்த தயிரில் தொட்டால் அது டிப் அல்ல, வெண்டைக்காய்த் தயிர்ப் பச்சடி. நம் பாட்டிமார் தெரிந்தேதான் பொரித்த வெண்டைக்காயைத் தயிரில் போட்டார்கள். அது ஊற வேண்டும் என்பதற்காகவே செய்கிற பண்டம். இது ஊறக் கூடாது.

என்னைக் கேட்டால் வெள்ளை டிப்பைவிட இரண்டு படி மேல், அத்தை தன் பங்குக்கு அரைத்த பூண்டு மிளகாய்ச் சட்னி. வற்றல், பூண்டு, துளி புளி, உப்பு, தளதளவென்று நல்லெண்ணெய். மாவுப் பொருக்கை நனைப்பது தண்ணீர்தான், எண்ணெய் ஒன்றும் செய்யாது. அதனால் நல்லெண்ணெய்ச் சட்னியில் எத்தனை முறை தொட்டாலும் கீற்று விறைப்பாகவே நிற்கிறது. சித்தப்பா இரண்டையும் ஒதுக்கிவிட்டு, எதிர்வீட்டிலிருந்து வந்திருந்த புளிச்சகீரைத் துவையலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பருத்தித் துணியில் துடைத்த வெண்டைக்காயைப் புளிச்சகீரையில் தொட்டால் பங்காளிகள் எல்லாரும் ஒரே தட்டுக்கு வந்துவிடுகிறார்களாம். பருத்திக்கொட்டை எண்ணெயில் பொரித்திருந்தால் குலதெய்வக் கோவில் பொங்கலே வைத்திருக்கலாம் என்றார்.

மிச்சமிருந்தது, எப்படிச் சாப்பிடுவது என்பதுதான். நம் வீடுகளில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இலை போட வேண்டும், எல்லாரும் உட்கார வேண்டும், மைத்துனன் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும், அதற்குள் அவனுக்கு போன் வரும். மொறுமொறு வெண்டைக்காய் இந்த ஒழுங்குக்கு அடங்குகிற ஜீவன் இல்லை. சட்டியிலிருந்து எடுத்த பத்து நிமிஷத்துக்குள் அதன் ஆயுசு முடிந்துவிடுகிறது. ஊர் உலகத்தில் எங்கேயும் அதைச் சரியான பதத்தில் தின்கிற ஒரே ஆள் பொரிக்கிறவர்தான். மற்றவர்களுக்குப் போய்ச் சேருவது நல்ல பொரியல், அவ்வளவுதான். இதை நான் எவ்வளவு நியாயமாக எடுத்துச் சொன்னாலும் அத்தைக்கு அது திருட்டுக்கு வக்காலத்து வாங்குவது மாதிரியே கேட்டது.

முடிவாக, அடுத்து வாங்கிப் பொரித்தபோது எல்லாரும் அடுப்படிக்கே வந்து நிற்பது என்று ஆயிற்று. ஒரு சட்டி எடுப்பு ஒருவருக்கு, அடுத்தது அடுத்தவருக்கு. ஆளுக்கு எத்தனை கீற்று, யாருக்கு ஒன்று குறைந்தது என்று பிள்ளைகள் போட்ட கணக்கைப் பார்த்தால், வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று சொன்னவர் எந்தச் சூழ்நிலையில் சொன்னார் என்பது விளங்கியது. மாப்பிள்ளை நின்றுகொண்டு சாப்பிடுவதை மட்டும் அத்தையால் பார்க்க முடியவில்லை. கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அடுப்புக்கு முன்னால் போட்டார். உட்கார்ந்துகொண்டே பொரித்தேன், பொரித்துக்கொண்டே தின்றேன்.

வெள்ளை டிப் அரைக் கிண்ணம் மீந்தது. மறுநாள் காலையில் தோசைக்கு ஆகுமே என்று தேடினால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அத்தை பேத்தியைப் பார்த்துச் சொன்னார்: "பழைய சோத்துல ஊத்திக் கரைச்சுக் குடிச்சேன். உப்புத்தான் கொஞ்சம் பத்தல. அந்த அலாஸ்காக்காரர்ட்டச் சொல்லிருத்தா."